டென்னிஸிலிருந்து பிக்கிள்பால்: எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது?

கேள்வி: பல வருடமாக டென்னிஸ் ஆடுகிறேன், வயது 46. மதுரை அண்ணா நகரில் எங்கள் குடியிருப்பின் பேட்மிண்டன் கோர்ட்டில் இப்போது பிக்கிள்பால் இரட்டையர் ஆடுகிறோம். அடித்தால் பந்து வெளியே போகிறது. நெட் பக்கம் போனால் ஃபால்ட். என்ன மாற்ற வேண்டும்?

பதில்: முதலில் கோர்ட்டின் கோடுகளைச் சரிபாருங்கள். இரண்டு ஆட்டத்துக்கும் கோர்ட் ஒன்றேதான்: 44 அடி நீளம், 20 அடி அகலம். ஆனால் பேட்மிண்டனின் முன் சர்வீஸ் கோடு நெட்டிலிருந்து ஆறரை அடியில் இருக்கும். பிக்கிள்பாலின் கிச்சன் கோடு (நெட்டை ஒட்டி, பந்தைத் தரையில் படுமுன் அடிக்கக் கூடாத பகுதியின் எல்லை) 7 அடியில் வர வேண்டும். அரை அடி பின்னால் டேப் ஒட்டுங்கள். நெட்டின் உயரம் ஓரத்தில் 36, நடுவில் 34 அங்குலம்.

பந்து வெளியே போவது பேக்ஸ்விங்கால், அதாவது கையைப் பின்னால் ஓங்குவதால். டென்னிஸில் 78 அடி நீளம் இருப்பதால் ஓங்கி அடித்தாலும் டாப்ஸ்பின் (முன்னோக்கிய சுழல்) பந்தை உள்ளே இறக்கிவிடும். இங்கே அந்த நீளம் இல்லை. நரம்பில்லாத பேடில் (பிக்கிள்பால் மட்டை) அவ்வளவு சுழலும் தராது. சுவருக்கு ஓரடி முன்னால் முதுகைக் காட்டி நின்று, பந்தில்லாமல் மெதுவாக வீசிப் பாருங்கள். பேடில் சுவரில் உரசினால் வீச்சு இன்னும் அதிகம் என்று அர்த்தம். ராக்கெட் 27 அங்குலம், பேடில் 16 அங்குலம்தான். பழைய தூரத்தில் நின்றால் பந்து நுனியில் படும். ஒரு எட்டு கூடுதலாகப் போய் எடுங்கள்.

நெட் ஃபால்ட்டுக்குப் பெரும்பாலும் சர்வ் அடித்ததும் முன்னால் ஓடும் பழக்கமே காரணம். எதிராளியின் ரிட்டர்ன் உங்கள் பக்கம் தரையில் பட்ட பிறகுதான் அதை அடிக்கலாம். அதனால் சர்வ் அடித்த அணி பேஸ்லைனிலேயே காத்திருக்க வேண்டும். ரிட்டர்ன் எடுப்பவர்தான் ஆழமாக அனுப்பிவிட்டு முன்னேற வேண்டும். அடுத்தது, வாலி (தரையில் படுமுன் அடிப்பது) அடித்த வேகத்தில் கால் கிச்சன் கோட்டை மிதிப்பது. புள்ளி முடிந்த பிறகு மிதித்தாலும் ஃபால்ட்தான். தரையில் பட்டு எழும் பந்தை எடுக்க கிச்சனுக்குள் தாராளமாகப் போகலாம், தயங்காதீர்கள்.

டென்னிஸ்காரர்களுக்கு வராதது மென்மையான அடிதான், அதிக நேரம் கேட்பதும் அதுவே. பேஸ்லைனிலிருந்து மூன்றாவது அடியை (சர்வ், ரிட்டர்னுக்கு அடுத்த ஷாட்டை) ஓங்காமல் எதிராளியின் கிச்சனுக்குள் விழவிட்டால் அவர் கீழிருந்து தூக்கித்தான் அடிக்க முடியும். அந்த இடைவெளியில் நீங்கள் முன்னேறலாம். பிடியை நன்றாகத் தளர்த்துங்கள். மணிக்கட்டை ஆட்டாதீர்கள், பந்தை உடம்புக்கு முன்னால் எடுத்து, தோளிலிருந்து தூக்குங்கள். பந்து நெட்டைத் தாண்டும் முன்பே இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும். நெட்டைத் தாண்டிய பிறகும் ஏறினால் எதிராளிக்கு ஸ்மாஷ் கொடுத்த மாதிரி. தினமும் கால் மணி நேரம் இருவரும் கிச்சன் கோட்டில் நின்று குறுக்காக டிங்க் (எதிராளியின் கிச்சனுக்குள் விழும் மென்மையான அடி) மட்டும் ஆடுங்கள். வேகத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

காண்டினென்டல் கிரிப் (சுத்தியலைப் பிடிப்பது போன்ற பிடி), ஸ்பிளிட் ஸ்டெப் (எதிராளி அடிக்கும் நேரத்தில் போடும் சிறு குதி), ஸ்லைஸ் (பந்தை வெட்டி அடிப்பது) மூன்றையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பேடில் மட்டும் எப்போதும் நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். 14 அடி தூரத்தில் வாலி வரும்போது கையைத் தூக்க நேரம் இருக்காது.

திறந்தவெளியில் 40 துளைப் பந்து வாங்குங்கள். அதன் எடையே சுமார் 26 கிராம்தான், ஆடிக் காற்றில் விலகும். அந்த மாதத்தில் லாப் (உயரத் தூக்கி அடிப்பது) அடிப்பதைத் தவிருங்கள். எதிராளி லாப் அடித்தால் பின்னோக்கி ஓடாதீர்கள், திரும்பி ஓடுங்கள். இந்த வயதில் பின்னோக்கி ஓடி விழுந்தால் மணிக்கட்டு முறியலாம்.