கோடையில் மீன் தொட்டித் தண்ணீர் சூடாகாமல் பார்த்துக்கொள்வது எப்படி? ஐஸ் கட்டி போடலாமா?

உங்கள் கேள்வியில் 2 அடித் தொட்டி, 2 கோல்ட் ஃபிஷ், 6 கப்பி மீன், மதியம் 33 டிகிரி என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் ஐஸுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்: நேராகத் தொட்டிக்குள் போடாதீர்கள். நான் போட்டுப் பார்த்தவன்.

சென்னை பெரம்பூரில் எங்கள் வீடு மொட்டைமாடிக்கு நேர் கீழே. கத்திரி வெயிலில் ராத்திரி பத்து மணிக்குக்கூட சீலிங்கிலிருந்து அனல் இறங்கும். தொட்டி உங்களுடையது போலத்தான், கல், மணல் போக 50 லிட்டர் பிடிக்கும். மீன் வாங்கிய முதல் மே மாதம், ஒரு மதியம், இரண்டு கோல்ட் ஃபிஷ்ஷும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பதறிப்போய் ஃப்ரீசரில் இருந்த ஐஸ் ட்ரேயை அப்படியே கவிழ்த்தேன். அன்று சாயங்காலமே ஒன்று பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. மறுநாள் காலையில் மற்றதும்.

கொளத்தூரில் மீன் வாங்கிய கடைக்காரரிடம் போய்ப் புலம்பினேன். "அது மூச்சு முட்டுதுன்னு மேல வந்திருக்கு தம்பி. நீ ஜுரம்னு நெனச்சு வைத்தியம் பாத்திருக்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் விஷயமே அதில்தான் இருக்கிறது.

25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 32 டிகிரியில் 7.3 தான். அதே நேரத்தில் சூடு ஏற ஏற மீனின் உடம்பு வேகமாக ஓடி, முன்னைவிட அதிக ஆக்சிஜன் கேட்கும். வரவு குறைந்து செலவு கூடுகிற குடும்பம் மாதிரி. அதனால் மீன் மேலே வந்து திணறினால் முதல் வேலை ஏர் பம்ப்பை முழு வேகத்தில் வைப்பது. அன்றைக்குத் தீனி வேண்டாம். ஒரு நாள் பட்டினி கிடந்தால் மீனுக்கு ஒன்றும் ஆகாது. சூட்டில் தின்னாமல் விட்ட தீனி அழுகி அம்மோனியா ஆகும், தண்ணீர் சூடாக இருக்கும்போது அந்த அம்மோனியாவின் விஷமும் கூடுதல்.

அடுத்தது சூட்டை இறக்குவது. மண்பானையில் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அப்படியேதான் தொட்டியும் குளிர வேண்டும். பானைக்கு வெளியே கசிகிற ஈரம் ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. நாமோ தொட்டிக்குக் கண்ணாடி மூடி போட்டு அந்த வழியை அடைத்து வைத்திருக்கிறோம். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 100 மில்லி, அதாவது அரை டம்ளர் தண்ணீர் ஆவியாகும்போது 50 லிட்டர் தொட்டியில் ஏறக்குறைய 1 டிகிரி இறங்குகிற அளவு சூட்டைக் கொண்டுபோகும். அதே 1 டிகிரிக்கு அரை லிட்டர் ஐஸ் பாட்டில் முழுவதும் உருக வேண்டும். (அறையின் சூடு திரும்பத் திரும்ப உள்ளே வந்துகொண்டே இருக்கும், அதனால் இந்தக் கணக்கு அப்படியே கைக்குக் கிடைக்காது.)

மூடியை எடுத்துவிட்டுப் பழைய கொசுவலைத் துண்டு ஒன்றை இழுத்துக் கட்டினேன். வலை இல்லாமல் விடாதீர்கள், கப்பி துள்ளும், பல்லி விழும். ரிச்சி தெருவில் கம்ப்யூட்டருக்குப் போடுகிற 12 வோல்ட் ஃபேன் ஒன்றும் அதற்கு ஒரு அடாப்டரும் வாங்கி, தொட்டியின் ஓரத்தில் கிளிப் போட்டு மாட்டினேன். காற்று தண்ணீரின் மேல் சாய்வாக உரசிக்கொண்டு போக வேண்டும், லேசாகச் சிற்றலை எழும்புகிற அளவுக்கு. 33-இல் நின்ற தெர்மாமீட்டர் அன்று சாயங்காலம் 30-ஐத் தொட்டது. கடல்காற்று ஈரத்தோடு அடிக்கிற நாட்களில் ஒன்றரை டிகிரி இறங்கினாலே பெரிது. சென்னையில் மண்பானைத் தண்ணீரும் அப்படித்தானே. வேலூர், மதுரைப் பக்கம் காற்று காய்ந்து இருக்கும்போது இன்னும் நன்றாக வேலை செய்யும்.

ஃபேன் வைத்தால் தண்ணீர் கிடுகிடுவென்று குறையும். எனக்கு மே மாதத்தில் தினமும் ஒரு லிட்டருக்கு மேல் ஊற்ற வேண்டியிருக்கிறது. அதை மத்தியானம் குழாயிலிருந்து பிடித்துவிடாதீர்கள், மொட்டைமாடி டேங்க்கிலிருந்து வருவது கை வைக்க முடியாத வெந்நீர். முதல் நாள் ராத்திரியே பக்கெட்டில் பிடித்துத் திறந்து வைத்து, காலையில் ஊற்றுங்கள். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பெல்லாம் தொட்டியிலேயே தங்கிவிடும். போர் தண்ணீர் வீடு என்றால் வாராவாரம் கொஞ்சம் மாற்றியே ஆக வேண்டும்.

சூடு உள்ளே வருகிற வழிகளையும் பாருங்கள். மேற்கு ஜன்னல், டிவிக்குப் பக்கம், நாளெல்லாம் எரிகிற லைட். தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் 15 வாட் மோட்டார் தின்கிற கரண்ட் முழுக்கத் தண்ணீருக்குச் சூடாகத்தான் போகிறது. குளிர்காலத்துக்கு வாங்கிய ஹீட்டரின் பிளக் இன்னும் போர்டில் இருந்தால் இப்போதே பிடுங்கிவிடுங்கள்.

ஐஸ் போட்டே ஆக வேண்டும் என்றால், மூடி இறுக்கிய பாட்டிலில் உறையவைத்து, ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் மிதக்கவிடுங்கள், சூடு சட்டென்று இறங்கக் கூடாது. ராத்திரி ஏசி, பகலில் உலை என்று ஏற்ற இறக்கம் அதிகம் இருந்தாலும் மீன் சோர்ந்துபோய் வெள்ளைப் புள்ளி நோய் பிடிக்கும். ஈரத் துண்டைத் தொட்டிமேல் போடச் சொல்வார்கள். நான் போட்டபோது துண்டின் ஒரு முனை தண்ணீரில் தொங்கியது தெரியவில்லை. விடிய விடிய உறிஞ்சி ஹால் முழுக்க இறக்கிவிட்டது. தொட்டித் தண்ணீரைக் குளிர வைக்கிற சில்லர் மெஷினின் விலையைக் கேட்டேன், திரும்பி வந்துவிட்டேன்.

உங்கள் கப்பிகள் 30 டிகிரியைச் சமாளிக்கும். கோல்ட் ஃபிஷ் குளிர்ந்த நீர் மீன், 24-க்குள் இருந்தால்தான் அதற்குச் சுகம். இங்கேயே பிறந்து வளர்ந்தவை ஓரளவு தாங்கும் என்றாலும், மாடி வீட்டில் அதை வைக்க இனி எனக்கு மனசு வராது.

கடைசியாகக் கரண்ட் கட். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் நள்ளிரவில் கரண்ட் போனபோது எங்கள் பேட்டரி தீர்ந்து கிடந்தது. அம்மாவும் நானும் மாறி மாறி மக்கில் தண்ணீரை மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து தொட்டிக்கே ஊற்றிக்கொண்டிருந்தோம். "பெத்த புள்ளைக்குக்கூட இப்படி விசிறினதில்லடா" என்றாள். மூன்றேகாலுக்குக் கரண்ட் வந்தது. ஒன்றும் சாகவில்லை.