ரதெல்ல வளைவில் முன்பக்கம் வழுக்குவது

நானுஓயாப் பக்கத்து ரதெல்ல வளைவில் உங்கள் ஹொண்டா சிவிக் கார் வழுக்குகிறது, முன் ஸ்பிரிங்கை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதுள்ள 8 கிலோ ஸ்பிரிங்கை (ஒரு மில்லிமீற்றர் அமுங்க 8 கிலோ பாரம் கேட்பது) இன்னும் கடினமாக்காதீர்கள். பாதி வளைவுவரை நன்றாகப் பிடித்த சிவிக்கின் முன்பக்கம் திடீரென வெளியே இழுக்கிறது என்கிறீர்கள். காரை அதிகம் இறக்கியதால் சொக் அப்சோபர் முழுதாக அமுங்கி, அதன் தண்டில் கடைசித் தடுப்பாக இருக்கும் பம்ப் ரப்பரில் போய் முட்டுகிறது என்றுதான் நினைக்கிறேன். முட்டிய கணமே அந்தப் பக்கம் இறுகிவிடும், டயர் பிடியை விட்டுவிடும்.

சொக்கின் தண்டில் ஒரு கேபிள் டையை இறுக்கிக் கட்டி, கீழே தள்ளிவிட்டு அந்த வளைவில் காரை ஓட்டிப் பாருங்கள். ரப்பர்வரை ஏறியிருந்தால் முன்பக்கத்தை 10 மில்லிமீற்றர் உயர்த்துங்கள். அப்புறம் வீல் அலைன்மென்ட் கட்டாயம். உயரம் மாறினால் டோவும், அதாவது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவும், மாறும்.

கேபிள் டையை வீட்டிலேயே கட்டிவிடாதீர்கள். நானுஓயா வரும் வழியில் ஒரு பள்ளம் போதும், அதை மேலே தள்ள. ஈரமான காலையில் எடுத்த அளவையும் நம்பவேண்டாம், பிடி குறைந்தால் கார் அவ்வளவு சாயாது.