ரசீதின் கடைசி வரி

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. சென்ற ஆண்டு மூன்று லட்ச ரூபாய் வருமான வரி கட்டினேன். பிள்ளைகள் இருவரும் தனியார் பள்ளியில் படிக்கிறார்கள். கட்டணம், வேன், புத்தகம் என்று அதற்கும் மூன்று லட்சத்துக்கு மேல் போகிறது. நான் பயன்படுத்தாத அரசுப் பள்ளிக்கும் நானேதான் காசு கொடுக்கிறேன். இது என்ன நியாயம்?

பள்ளிக்கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்டத்தின் நிதி 2,152 கோடியை மத்திய அரசு நிறுத்தி வைத்தபோது, அவர்களுடைய இன்னொரு பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கியிருக்கலாமே என்று தோன்றியது. அரசியல் சண்டையில் பிள்ளைகள் ஏன் கஷ்டப்பட வேண்டும்? டாஸ்மாக் வருமானத்தில் பள்ளி நடத்துவதும் எனக்கு உறுத்துகிறது. பேசாமல் அந்தப் பணத்தை, விரும்பிய பள்ளியில் கட்டணமாகக் கொடுக்கும் சீட்டாக, அதாவது வவுச்சராக, பெற்றோர் கையில் கொடுத்துவிட்டால் என்ன?

நானும் தாராபுரம் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவன்தான். வெறுப்பில் கேட்கவில்லை. உண்மையிலேயே குழப்பமாக இருக்கிறது.

அன்புடன்,
ர.

*

அன்புள்ள ர,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் வீட்டு வரி கட்டிவிட்டு வந்திருந்தேன். ரசீது மேசைமேல் கிடந்தது. அதைப் பார்த்து எதையோ யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் கடிதத்தைத் திறந்தேன். முதல்முறை படித்தபோது கோபம் வந்தது. மறுபடி படித்தபோது தாராபுரத்தில் வந்து நின்றுவிட்டேன். கடைசியில் ஒதுங்கி நிற்கும் அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

கோபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். "நான் பயன்படுத்தாத பள்ளி" என்கிறீர்கள். நீங்கள் பயன்படுத்தி முடித்துவிட்ட பள்ளி அது. உங்களுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்த ஆசிரியருக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது? பிள்ளையே இல்லாதவர்கள் கட்டினார்கள். பிள்ளையைக் கான்வென்டில் சேர்த்தவர்கள் கட்டினார்கள். பஸ்ஸில் போனவர்கள், நிலம் பதிந்தவர்கள், மளிகை வாங்கியவர்கள் எல்லாரும் கட்டினார்கள். தாராபுரம் பக்கத்தில் ஒரு பையன் படித்துக்கொண்டிருக்கிறான் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அவர்கள் யாராவது "நான் பயன்படுத்தாத பையன்" என்று சொல்லியிருந்தால் நீங்கள் இன்று எனக்குக் கடிதம் எழுதியிருக்க முடியுமா?

இன்னொன்று. அரசுப் பள்ளியைத் தாங்குவது வருமான வரி கட்டுபவர்கள்தான் என்று உங்களைப் போலப் பலர் நினைக்கிறார்கள். தமிழ்நாடு 2025-26 பட்ஜெட்டில் பள்ளிக்கல்விக்கு ஒதுக்கியது 46,767 கோடி ரூபாய். மாநிலத்துக்கு வரும் பணத்தில் பெரும்பங்கு அதன் சொந்த வரிகள்தான்: ஜிஎஸ்டியில் மாநிலப் பங்கு, பெட்ரோல் மீதான வாட், முத்திரைத்தாள், வண்டி வரி. உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மா செல்போனுக்கு ரீசார்ஜ் செய்யும்போதெல்லாம் வரி கட்டுகிறார். சோப்பு வாங்கினாலும் கட்டுகிறார். அவருடைய மகள் படிக்கும் பள்ளிக்கு அவரும் காசு கொடுக்கிறார். அதை நீங்கள் மட்டும் கொடுப்பதாக எழுதுவது தவறு. இனிமேல் அப்படி எழுதாதீர்கள்.

வவுச்சரைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை. ஒரே ஒரு பள்ளிக்கூடம் இருக்கும் மலைக்கிராமத்தில் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு ஒரு தகப்பன் எந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பான் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

டாஸ்மாக் விஷயத்தில் உங்கள் உறுத்தல் எனக்கும் உண்டு. மதுவிலக்கால் போன வருமானத்தை ஈடுகட்டத்தான் 1939-ல் ராஜாஜி அரசு விற்பனை வரியைக் கொண்டுவந்தது. இன்றைக்கு விற்பனை வரியின் வாரிசான ஜிஎஸ்டியும் இருக்கிறது, மது வருமானமும் இருக்கிறது. 2023-24-ல் அது 45,000 கோடியைத் தாண்டியது. பள்ளிக்கல்விக்கான ஒதுக்கீட்டையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனசு கனத்துப்போகிறது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அலுவலகம் தரும் வரிச் சான்றிதழான ஃபார்ம் 16-ஐ எடுத்துப் பாருங்கள். வரித்தொகைக்குக் கீழே "சுகாதாரம் மற்றும் கல்வி செஸ்" என்று ஒரு வரி இருக்கும். செஸ் என்றால் ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கென்று வரியின் மேல் வாங்கும் கூடுதல் வரி. 4 விழுக்காடு. மூன்று லட்சம் வரி என்றால் அதன் மேல் 12,000 ரூபாய். 2004-ல் கல்விக்கென்று 2 விழுக்காடாகத் தொடங்கியது. 2007-ல் உயர்நிலைக் கல்விக்கும் உயர்கல்விக்கும் இன்னொரு 1 விழுக்காடு சேர்ந்தது. 2018-ல் சுகாதாரத்தையும் சேர்த்து 4 ஆனது. அந்த 1 விழுக்காட்டைப் போட்டுவைக்க ஒரு தனி நிதியம் அமைக்க 2017-ல்தான் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதுவரை பத்து வருஷம் வசூல் மட்டும் நடந்தது. பத்து வருஷத்தில் ஒரு குழந்தை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து பத்தாவது எழுதிவிடும்.

செஸ் என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. வருமான வரியாக நீங்கள் கட்டுவது பொதுத் தொகுப்பில் சேரும். அதில் 41 விழுக்காடு மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். அதில் தமிழ்நாட்டின் பங்கு, பதினைந்தாவது நிதிக்குழுவின் கணக்கில், 4.079 விழுக்காடு. மக்கள்தொகையில் நாம் ஏறத்தாழ 6 விழுக்காடு. இது ஒரு பக்கம். செஸ் அந்தத் தொகுப்புக்குள்ளேயே வராது. கல்வி என்று பெயர் சொல்லி வாங்கிய உங்கள் 12,000 ரூபாயில், பள்ளிகளில் பெரும்பாலானவற்றை நடத்தும் மாநிலத்துக்கு உரிமையாகச் சேருவது ஒரு ரூபாய்கூட இல்லை. திட்டங்களின் வழியாகத்தான் திரும்பி வரும். சமக்ர சிக்ஷா அப்படிப்பட்ட ஒரு திட்டம். அதிலும் 60 பங்கு அவர்கள் போட்டால் 40 பங்கு மாநிலம் போட வேண்டும். அந்த 60 பங்கு வர, இன்னொரு திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு என்றார்கள். போடாததால் நிறுத்தினார்கள். தமிழ்நாடு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கையெழுத்துப் போடாதது சரி என்றே நான் நினைக்கிறேன். திட்ட ஊழியர்களின் சம்பளம் தள்ளிப்போன நாட்களை நினைத்தபிறகும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எங்கோ உட்கார்ந்துகொண்டு கல்விக்காசை எதற்குச் செலவழிக்கலாம் என்று சொல்வது நமக்குப் புதிதில்லை. 1920-ல் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட முடிவு செய்தது. தலைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மிகாமல். தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவழிக்கக் கூடாது என்று அன்றைய அரசு மறுத்தது. 1925 ஏப்ரலில் அடுப்பு அணைந்தது. காமராஜர் காலத்தில், 1956-ல்தான் மாநில அளவில் சோறு போடும் திட்டம் தொடங்கியது.

இப்போது என் மேசைமேல் கிடந்த ரசீதுக்கு வருகிறேன். நீங்கள் கேட்காத விஷயம்தான். ஆனாலும் இதைச் சொல்லாமல் என்னால் முடிக்க முடியாது.

என் அப்பா காவிரிக் கரையில் ஒரு பேரூராட்சியில் பில் கலெக்டர். காக்கிப் பை, ரசீதுப் புத்தகம், நீலக் கார்பன் தாள். பள்ளி விடுமுறையில் சைக்கிள் கேரியரில் நானும் போவேன். கார்பன் தாளை அடுத்த பக்கத்துக்கு மாற்றி வைப்பது என் வேலை. விரலெல்லாம் நீலமாகிவிடும். அந்த ரசீதில் வீட்டு வரிக்குக் கீழே, கடைசி வரியாக, நூலக வரி என்று சில பைசா இருக்கும்.

பணியாரம் சுட்டு விற்கும் ஒரு ஆயா. ஓட்டு வீடு, ஒரே அறை. ஒருநாள் அப்பா ரசீதைப் படித்துக் காட்டியதும் அவர் கேட்டார். "ஏந்தம்பி, எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. லைப்ரரிக்கு எதுக்கு நான் காசு குடுக்கோணும்?" அப்பா பதில் சொல்லவில்லை. "வாங்க ஆயா, உங்க காசு எங்க இருக்குதுன்னு காட்டறேன்" என்று கூட்டிக்கொண்டு போனார். இரண்டு தெரு தள்ளித்தான் நூலகம். வாடகைக் கட்டடம். இரண்டு நீள பெஞ்சு, காற்றில் பறக்காமல் கூழாங்கல் வைத்த செய்தித்தாள், பூட்டிய அலமாரி. ஆயா பெஞ்சைத் தடவிப் பார்த்தார். "இதுல எம்பட காசு இருக்குதா?" "ஒரு ஆணி அளவுக்காவது இருக்கும்" என்றார் அப்பா. அடுத்த நாளிலிருந்து சாயங்காலம் ஆனால் தன் பேத்தியைத் துரத்திவிடுவார். "நான் காசு கட்டியிருக்கறேன், போய் உக்காரு." அந்தப் பெண் என்னைவிட இரண்டு வகுப்பு மேலே. கால் தரையைத் தொடாமல் பெஞ்சில் உட்கார்ந்து படக்கதை படிப்பாள். நான் எழுத்துக்கூட்டித் திணறினால் எட்டிப் பார்த்துச் சொல்லித் தருவாள்.

உங்களையும் ஆயாவையும் ஒன்றாக நினைத்துப் பார்க்கிறேன். கேள்வி கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆயா தன் காசு எங்கே இருக்கிறது என்று நேரில் போய்ப் பார்த்தார். நீங்கள் கட்டாமல் இருக்க வழி உண்டா என்று கேட்கிறீர்கள். அதுதான் எனக்கு வலித்தது.

அந்த நூலக வரிக்குச் சட்டம் வந்தது 1948-ல். சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். சீர்காழியில் பிறந்து கணக்கு ஆசிரியராக இருந்து நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் பல ஆண்டுகள் விடாமல் வாதாடிய விஷயம் அது. அப்போது கல்வி அமைச்சர் யார் தெரியுமா? உங்கள் கோவை மண்ணின் அவிநாசிலிங்கம் செட்டியார். இன்று சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா. உள்ளாட்சி வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் கொடுத்துவிட வேண்டும். பல உள்ளாட்சிகள் வசூலிக்கின்றன, ஒப்படைப்பதில்லை. நிலுவை ஏறிக்கொண்டே போகிறது. நான் போகும் கிளை நூலகத்தில் மழைக்காலத்தில் அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு பச்சை வாளி வைத்திருப்பார்கள். அந்த வாளியைப் பார்க்கும்போதெல்லாம் அப்பாவின் காக்கிப் பை நினைவுக்கு வரும். டெல்லியைத் திட்டுகிறோம், திட்ட வேண்டும்தான். அதே வேலையை நம் ஊர் அலுவலகம் செய்யும்போது நாம் வாயைத் திறப்பதில்லை.

உங்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் வீட்டு வரி ரசீதை எடுங்கள். நூலக வரி தனியாகக் காட்டப்படவில்லை என்றால் வரி அலுவலகத்தில் போய் எவ்வளவு என்று கேளுங்கள். அப்புறம், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, உங்கள் பகுதியில் வசூலான நூலக வரி நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர்ந்ததா, எவ்வளவு பாக்கி என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். வந்ததும் எனக்கு அனுப்புங்கள், இங்கே வெளியிடுகிறேன். மனுவைத் தபாலில் சேர்க்கும் அன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அப்படியே நூலகத்துக்குப் போய்விட்டு வாருங்கள்.

அன்புடன்