வாசகர் கேள்வி: கெமர் இலக்கியம்

கேள்வி: கம்போடிய இராமாயணத்தை ஆராய்ந்த சவரோஸ் பூ யார்? அவருடைய நூல்களை எப்படி அணுகலாம்?
– வாசகி, நல்லூர்

பதில்: 1929இல் புனோம் பென்னில் பிறந்தவர், பிரான்சில் ஆய்வு செய்து 2020இல் மறைந்தார். கெமர் கல்வெட்டுகளை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் ஜோர்ஜ் செடேஸின் மாணவி. கம்போடிய இராமாயணமான 'இராமகேர்த்தி'யின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பை 1977இலும், கம்போடிய மொழியான கெமரில் உள்ள மூலத்தை 1979இலும் வெளியிட்டார். 1992இல் வந்த பழங்கெமர் அகராதியே அவரது ஆகப்பெரிய கொடை என்பேன்.

முதலில் கெமர் எழுத்தைப் படியுங்கள். மெய்கள் 33, இரண்டு வரிசை. வரிசைக்கேற்ப ஒரே உயிர்க்குறியின் ஒலி மாறும். அவரது ஒலிபெயர்ப்பு எழுத்தையே காட்டும், உச்சரிப்பை அல்ல. 'ராம' என்றிருப்பதைக் கெமர் மக்கள் 'ரியம்' என்பர். இதை மறந்தால் செய்யுளின் எதுகை காதில் விழாது. கெமர் எழுத்தும் பல்லவ வழியில் வந்ததால், கிரந்தச் சுவடி வாசிப்பவருக்கு, ஒரு மெய்யின் கீழ் இன்னொன்றை எழுதும் அடுக்கெழுத்து சிரமமிராது. சொற்களுக்கிடையே இடைவெளி இராது. பிரித்தறியப் பழகிய பிறகே அகராதியைத் திறவுங்கள்.