ஃபீட்லாட் மாட்டுக் கணக்கையும் குளிர்காலக் கோதுமை மதிப்பீட்டையும் ஏன் சேர்த்தே பேசுகிறார்கள்?

கேள்வி இதுதான்: அமெரிக்க வேளாண் துறை மாதாமாதம் ஃபீட்லாட்களில் (இறைச்சி மாட்டைத் தீனி போட்டுக் கொழுக்க வைக்கும் பட்டிகளில்) எத்தனை மாடு இருக்கிறது என்று ஒரு கணக்கு விடுகிறது. மே மாதம் குளிர்காலக் கோதுமை எவ்வளவு விளையும் என்று இன்னொரு கணக்கு. ஒன்று இறைச்சி, ஒன்று ரொட்டி. சந்தை எழுதுகிறவர்கள் இரண்டையும் ஏன் ஒரே மூச்சில் பேசுகிறார்கள்?

சுருக்கமான பதில்: அந்தக் கோதுமையை அந்த மாடுதான் மேய்கிறது.

நான் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு மேற்படிப்புக்குக் கான்சாஸில் இருக்கும் மன்ஹாட்டனுக்கு வந்தவன். (நியூயார்க் மன்ஹாட்டன் இல்லை. அமெரிக்கா போகிறான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த மாமா, என் போட்டோவில் வெறும் புல்மேட்டைப் பார்த்து நொந்துபோனார்.) சில வருடமாக மேற்குக் கான்சாஸில் தானியம் வாங்கி விற்கும் ஒரு கூட்டுறவில் வேலை. காற்று தெற்கிலிருந்து அடித்தால் ஃபீட்லாட் வாடை வீட்டுக்குள் வரும். இங்கே அதைப் 'பண வாசனை' என்பார்கள்.

கோதுமையில் மாடு விடுகிற விஷயத்தை முதன்முதலில் போனில் சொன்னபோது அம்மா நம்பவில்லை. "ஏண்டா கண்ணு, வெள்ளாமையில மாட்ட உட்டுப்போட்டா அப்புறம் எப்பிடிடா கதுரு வரும்?" தாராபுரம் பக்கம் அடுத்தவன் மாடு சோளக்காட்டில் வாய் வைத்தால் பஞ்சாயத்து வரைக்கும் போகும். அவர் கேட்டது நியாயம்தான்.

ஆனால் குளிர்காலக் கோதுமையின் சுபாவம் வேறு. செப்டம்பர், அக்டோபரில் விதைப்பார்கள். முளைத்துத் தூர் கட்டி, தரையோடு தரையாகப் புல் மாதிரி படர்ந்திருக்கும். டிசம்பர், ஜனவரிப் பனியில் தூங்கும். மார்ச்சில் எழுந்து நிமிர்ந்து, ஜூனில் அறுவடை. தூங்கும் காலத்தில் கதிராகப் போகிற குருத்து மண்ணுக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது. மேலே இருக்கும் இலையை மாடு கடித்தாலும் குருத்துக்கு ஒன்றும் ஆகாது. அதனால் ஒக்லஹோமா, தெற்குக் கான்சாஸ், டெக்சாஸின் வடமேற்கு மூலை, இந்த மூன்று இடத்திலும் நவம்பர் வாக்கில் 450, 500 பவுண்டு எடையுள்ள கன்றுகளைக் கோதுமையில் விடுவார்கள். நல்ல மேய்ச்சல் கிடைத்தால் ஒரு கன்று நாளுக்கு ஏறக்குறைய 2 பவுண்டு ஏறும்.

எப்போது ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்பதில்தான் சூட்சுமம். பிப்ரவரி கடைசியில் மாடு மேயாத ஒரு மூலையிலிருந்து நாலைந்து செடியை வேரோடு பிடுங்கி, தண்டை பிளேடால் நீளவாக்கில் பிளப்போம். உள்ளே, நெல்மணியைவிடச் சின்னதாக, வருங்காலக் கதிர் தெரியும். அதற்குக் கீழே தண்டு குழலாகத் தொடங்கியிருக்கும். அந்தக் குழல் ஒன்றரை சென்டிமீட்டர் ஆகிவிட்டால் மறுநாளே மாட்டை வெளியேற்ற வேண்டும். குருத்து மேலே கிளம்பிவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் ஒரு வாரம் தாமதித்தாலும் மாட்டின் வாயில் போவது இலை இல்லை, ஜூன் மாத விளைச்சல். மாட்டு விலை உச்சத்தில் இருந்து கோதுமை விலை படுத்துக் கிடந்தால், சிலர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அறுவடையே வேண்டாம் என்று மே வரைக்கும் மேய விட்டுவிடுவதும் உண்டு. அப்படிப் போகிற ஏக்கர், விதைத்த கணக்கில் இருக்கும், அறுத்த கணக்கில் இருக்காது.

வெளியே வந்த அந்த 700, 750 பவுண்டு மாடுகள் நேராகப் போவது ஃபீட்லாட்டுக்கு. ஃபீட்லாட் என்றால் திறந்தவெளிப் பட்டி. நீளமான சிமெண்ட் தொட்டியில் தினமும் லாரி வந்து ஆவியில் தட்டையாக்கிய மக்காச்சோளம், எத்தனால் ஆலைச் சக்கை, பதப்படுத்திய பசுந்தீவனம் எல்லாம் கலந்து கொட்டும். ஐந்தாறு மாதம். 1,400 பவுண்டை ஒட்டி வந்ததும் இறைச்சி ஆலைக்குப் போகும்.

வேளாண் துறை கணக்கெடுப்பது 1,000 மாடும் அதற்கு மேலும் கொள்ளும் பட்டிகளை மட்டும். மாதத்தின் மூன்றாவது வாரத்தை ஒட்டி ஒரு வெள்ளிக்கிழமை, மாட்டுச் சந்தை மூடிய பிறகு மதியம் 2 மணிக்கு எங்கள் நேரப்படி வெளிவரும். அதனால் விலைக்கு அடி விழுவதென்றால் திங்கட்கிழமைதான் விழும். நாடு முழுக்க 1.1 கோடியிலிருந்து 1.2 கோடி மாடு. அதில் டெக்சாஸ், நெப்ராஸ்கா, கான்சாஸ் மூன்றிலும் சேர்த்து ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. கான்சாஸில் மட்டும் 24 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாநிலத்தின் மக்கள்தொகையே 30 லட்சத்தைத் தொடவில்லை.

மொத்த எண்ணைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். நானும் பார்த்தேன், பார்த்துக் கெட்டேன்.

2022 ஏப்ரல் 1 நிலவரப்படி பட்டிகளில் 1.21 கோடி மாடு. 1996-ல் இந்தக் கணக்கு வரிசை தொடங்கியதிலிருந்து எந்த ஏப்ரலிலும் அவ்வளவு இருந்ததில்லை. நான் வேலைக்குப் புதுசு. மாடு பெருகுகிறது, இன்னும் மூன்று நாலு வருடத்துக்குத் தீவனத் தேவை ஏறுமுகம்தான் என்று அழகாக ஒரு குறிப்பு எழுதி மேலாளரிடம் நீட்டினேன். அன்றைக்குத் தானியம் போட வந்திருந்த ஒரு வயதான விவசாயி அதை மேஜைமேல் பார்த்துவிட்டு, "உன் வீட்டுக்கு விருந்தாளி நிறைய வந்திருக்கிறார்கள் என்றால் ஊரில் ஜனம் பெருகிவிட்டது என்று அர்த்தமா, இல்லை அவர்கள் வீட்டில் தண்ணி வரவில்லை என்று அர்த்தமா?" என்று கேட்டார். ஆங்கிலத்தில்தான் கேட்டார். எனக்கு என்னவோ ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து வாங்கிக் கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

அவர் சொன்னதுதான் நடந்துகொண்டிருந்தது. மேய்ச்சல் காய்ந்துவிட்டது. மலைப்புல்லும் இல்லை, கோதுமைப் புல்லும் இல்லை. வைத்துத் தீனி போட வழியில்லாமல் கன்றுகளை முன்கூட்டியே பட்டிக்கு அனுப்பினார்கள். கன்று மட்டும் என்றால் பரவாயில்லை, தாயாக வேண்டிய கிடாரிகளையும் அனுப்பினார்கள். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் அறிக்கைகளில் காயடித்த காளை எத்தனை, கிடாரி எத்தனை என்று பிரித்துப் போடுவார்கள். 2023 அக்டோபரில் பட்டியில் இருந்ததில் 40 சதவீதம் கிடாரி. பட்டிக்குள் நிற்கும் ஒவ்வொரு கிடாரியும் இன்றைய கணக்கில் ஒரு கூடுதல், இரண்டு வருடம் கழித்து வரும் கணக்கில் ஒரு குறைவு. பட்டி நிரம்பி வழிந்த அதே நேரத்தில் நாட்டின் மொத்த மாடு குறைந்துகொண்டே வந்தது. 2024 ஜனவரி 1-ல் 8.72 கோடி. 1951-க்குப் பிறகு இவ்வளவு குறைந்ததில்லை. 2025 ஜனவரியில் இன்னும் கொஞ்சம் இறங்கி 8.67 கோடி. என் குறிப்பு மேலாளரின் மேஜை இழுப்பறையில் இன்னும் இருக்கிறது, எனக்கு ஏதாவது திமிர் வந்தால் எடுத்துக் காட்டுவார்.

இப்போது கோதுமைப் பக்கம் வாருங்கள். அதே வறட்சி அங்கே என்ன செய்தது? 2021-ல் கான்சாஸில் 36.4 கோடி புஷல் விளைந்தது. (ஒரு புஷல் கோதுமை 27 கிலோ சொச்சம்.) 2023 மே மாதம் வேளாண் துறை போட்ட முதல் மதிப்பீடு 19.1 கோடி. 1963-க்குப் பிறகு அவ்வளவு சின்ன எண் வந்ததில்லை. நாடு முழுக்க விதைத்த குளிர்காலக் கோதுமையில் மூன்றில் ஒரு பங்கை அறுக்கவே மாட்டார்கள் என்றும் அதே அறிக்கை சொன்னது. 1917-க்குப் பிறகு அதுதான் அதிகம். மாட்டுக் கணக்கை ஏற்றிவிட்டதும் கோதுமைக் கணக்கை இறக்கிவிட்டதும் ஒரே வறண்ட வானம்தான்.

அந்த மே மாதம் கோதுமைச் சுற்றுப்பயணத்தில் ஒரு காரில் எனக்கும் இடம் கிடைத்தது. ஆண்டுதோறும் ஆலைக்காரர்கள், வியாபாரிகள், விவசாயிகள், பத்திரிகைக்காரர்கள் எல்லாம் கார் காராகப் பிரிந்து மூன்று நாள் கான்சாஸைச் சுற்றுவார்கள். மன்ஹாட்டனில் கிளம்பி, கோல்பியில் ஒரு ராத்திரி, விச்சிட்டாவில் ஒரு ராத்திரி. பத்து இருபது மைலுக்கு ஒரு வயலில் இறங்குவோம். ஸ்கேலை வரிசையோரம் வைத்து ஒரு அடி நீளத்தில் எத்தனை கதிர், ஒரு கதிரில் எத்தனை மணி, வரிசைக்கு வரிசை எத்தனை அங்குலம் என்று எண்ணி ஒரு சூத்திரத்தில் போட்டால் ஏக்கர் விளைச்சல் வரும். சாதாரண வருடத்தில் பனியிலும் மழையிலும் பேண்ட் முழங்கால் வரை நனைந்துவிடும் என்று மழையில் நனையாத கால்சட்டை கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். மேற்கே போகப் போக என் ஷூகூட நனையவில்லை. செடி கணுக்கால் உயரம். ஒரு வயலில் வரிசையைத் தேடிக் கண்டுபிடித்துத்தான் ஸ்கேலை வைக்க வேண்டியிருந்தது. காற்று மண்ணை அரித்து, வேர் வெளியே தெரிந்தது. அந்தப் பயணத்தின் மதிப்பீடு ஏக்கருக்கு 30 புஷல், அதாவது 100 கிலோ மூட்டையில் 8, மொத்தம் 17.8 கோடி. (2025-ல் இதே பயணம் 53.3 புஷல் எண்ணியது. அதே ஊர், அதே சாலைகள், வேற மழை.)

கடைசியில் அந்த வருடம் அறுத்தது 20.1 கோடி, ஏக்கருக்கு 35. இரண்டு மதிப்பீட்டையும்விடக் கூடுதல். மதிப்பீடு பொய்யா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்: மே எண் என்பது இனிமேல் வானிலை வழக்கம்போல இருந்தால் என்கிற நிபந்தனையோடு வருவது. நாங்கள் எண்ணிவிட்டு வீட்டுக்குப் போன பிறகு மழை பிடித்துக்கொண்டது. எதிர்ப்பக்கமும் நடக்கும். 2022 மே மாதம் அரசு 27.1 கோடி என்றது, வீட்டுக்கு வந்தது 24.4 கோடி. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் திருத்திக்கொண்டே வந்து செப்டம்பர் கடைசியில்தான் கணக்கை முடிப்பார்கள். அரசு மதிப்பீட்டில் எனக்குப் பிடித்த விஷயம், அவர்கள் விவசாயிகளிடம் கேட்பதோடு நிற்காமல், குலுக்கல் முறையில் தேர்ந்த வயல்களில் சின்னத் துண்டு அளந்து ஆளை அனுப்பி எண்ணுகிறார்கள். சுற்றுப்பயணக் கார்கள் நிற்பது சாலையோர வயலில். எங்கே இறங்குவது என்று ஓட்டுகிறவர் கண்தான் முடிவு செய்யும், அந்தக் கண்ணுக்கு நல்ல வயலைப் பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. எல்லா ஏற்ற இறக்கத்தையும் கோதுமை மேய்ச்சலோடு முடிச்சுப் போடாதீர்கள். பிராந்தியம் பார்க்க வேண்டும். நெப்ராஸ்கா பட்டிகளுக்குக் கன்று வடக்கு மேய்ச்சல் நிலங்களிலிருந்து வருகிறது, மக்காச்சோளம் பக்கத்திலேயே விளைகிறது. டெக்சாஸுக்கு மெக்சிகோவிலிருந்து நிறையக் கன்று வந்துகொண்டிருந்தது. நாடு முழுக்கப் பார்த்தால் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கும் மேல் எல்லை தாண்டி வந்தன. மெக்சிகோவில் ஸ்க்ரூவார்ம் (உயிருள்ள மாட்டின் புண்ணில் முட்டையிடும் ஈ, அதன் புழு சதையைத் தின்னும்) வந்ததும் 2024 நவம்பரில் எல்லையை மூடினார்கள். 2025 பிப்ரவரியில் திறந்து, மே மாதம் மறுபடி மூடி, ஜூலையில் ஒரே ஒரு வழியைச் சில நாள் திறந்துவிட்டு அதையும் மூடினார்கள். அந்த மாதங்களில் டெக்சாஸ் பட்டிக்குள் வரத்துக் குறைந்ததற்கும் கோதுமைப் புல்லுக்கும் சம்பந்தமில்லை. அதே மாதங்களில் நெப்ராஸ்கா எண் என்ன செய்தது என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

நீங்கள் படிக்க ஆரம்பிப்பதென்றால் நவம்பர் மாட்டு அறிக்கையிலிருந்து ஆரம்பியுங்கள். அதில் அக்டோபரில் பட்டிக்குள் வந்த மாடுகளை எடைவாரியாகவும் மாநிலவாரியாகவும் பிரித்திருப்பார்கள். 600 பவுண்டுக்குக் கீழே என்ற வரியை டெக்சாஸுக்கும் கான்சாஸுக்கும் பாருங்கள். போன வருடத்தைவிட அது எகிறியிருந்தால், கோதுமையில் மேய வேண்டிய கன்று மேய இடமில்லாமல் பட்டிக்கு வந்திருக்க வாய்ப்பு அதிகம். விதைத்த கோதுமை சரியாக முளைக்கவில்லை என்று மே மாத மதிப்பீட்டுக்கு ஆறு மாதம் முன்பே மாடு சொல்லிவிடுகிறது. பிறகு மார்ச் மாத வரத்தில் 700 பவுண்டு வரியைப் பாருங்கள், கோதுமை மேய்ந்து முடித்த கூட்டம் அங்கே வந்து நிற்கும். அங்கே ஆள் குறைவாக இருந்தால் நவம்பரில் நீங்கள் நினைத்தது சரி.