மரக்கட்டை மேல் நடந்த படை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய குறிப்பில், சின்ன ஊர் வக்கீல்களும் பத்திரிகைக்காரர்களும் படை அதிகாரிகளாகப் போனார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது உறுத்தலாகவே இருக்கிறது. கட்சிச் செல்வாக்கில் பதவி வாங்கியவர்கள்தானே இவர்கள்? போர்ப் பயிற்சியே இல்லாத ஒரு அரசியல்வாதியை நம்பி அத்தனை பையன்கள் எப்படிப் போனார்கள்?

ச.

அன்புள்ள ச.,

உறுத்தல் நியாயமானதுதான். செல்வாக்கில் பதவி வாங்கி, ஆட்களைச் சாகக் கொடுத்தவர்கள் அந்தப் போரில் நிறையவே உண்டு. ஆனால் 1861 ஏப்ரலில் நிலைமை என்ன? நிரந்தர ராணுவத்தில் இருந்தது சுமார் 16,000 பேர். தெற்கு மாநிலங்கள் பிரிந்துபோக, அவற்றை எதிர்க்க வடக்கின் அதிபர் லிங்கன் கேட்டதோ 75,000 தன்னார்வலர்கள். ஊருக்கு ஊர் கூட்டம் போட்டு ஆள் சேர்த்தார்கள். சேர்ந்தவர்களே ஓட்டுப் போட்டுத் தங்கள் கேப்டனைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே ராத்திரியில் நூறு பேரைத் திரட்டக்கூடியவர் யார்? மேடையில் பேசிப் பழகியவர்தான்.

நான் நெடுநாளாக மனதில் வைத்திருக்கும் ஒருவர் வில்லியம் கால்வில். 1830-இல் நியூயார்க் மாநிலத்தின் ஃபாரஸ்ட்வில் என்ற சிற்றூரில் பிறந்தவர். வக்கீலுக்குப் படித்துவிட்டு, 1854-இல் மின்னசோட்டா மாநிலத்தில் மிசிசிப்பிக் கரையில் இருக்கும் ரெட் விங் ஊருக்கு வந்தார். அங்கே டெமாக்ரட் கட்சிக்கு ஆதரவாக 'சென்டினல்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். ஆறடி ஐந்து அங்குல உயரம். போர் என்றதும் ஊர் நீதிமன்றத்தில் கூட்டம் நடந்தது. முதல் கையெழுத்து யாருடையது என்று அவரும் எட்வர்ட் வெல்ச் என்ற இளைஞரும் பாய்ந்தார்களாம். வெல்ச் தடுக்கி விழ, கால்வில் முந்திக்கொண்டார் என்று கதை. லிங்கன் அவருக்கு எதிர்க்கட்சிக்காரர் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

அப்படிச் சேர்ந்ததுதான் முதலாம் மின்னசோட்டா ரெஜிமென்டின் 'எஃப்' கம்பெனி. கம்பெனி என்றால் சுமார் நூறு பேர் கொண்ட பிரிவு; பல கம்பெனிகள் சேர்ந்தது ரெஜிமென்ட். அப்போது ரெட் விங்கில் இருந்த ஹாம்லின் கல்லூரி மாணவர்களும் அதில் இருந்தார்கள். கால்வில் கேப்டன். இரண்டு ஆண்டில், 1863 மே மாதம், ரெஜிமென்டுக்கே தலைவரான கர்னல் ஆகிவிட்டார்.

உங்கள் கேள்விக்கான பதிலை நான் பார்ப்பது போர்க்களத்தில் இல்லை, ஒரு ஓடைக்கரையில். 1863 ஜூன் 29. பெரும் சண்டை நடக்கவிருந்த பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க் ஊரை நோக்கிய நடையில் அன்று ஒரு நாளில் மட்டும் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். வழியில் ஓடை. நேரம் வீணாகக் கூடாது, தண்ணீரில் இறங்கி நேராக நடங்கள் என்று மேலிடத்து உத்தரவு. நனைந்த தோல் ஷூவோடு பத்து மைல் நடந்தால் பாதம் என்ன ஆகும்? காலுறைக்குள் மணல் புகும், குதிகால் கொப்பளித்து உரியும். அதனால் சிலர் ஓடையின் குறுக்கே கிடந்த மரக்கட்டைகள் மேல் ஏறி நடந்தார்கள். கால்வில் தடுக்கவில்லை. அதற்காக அவரைக் கைது செய்தார்கள், பொறுப்பு பறிபோனது. ஜூலை 2 அன்றுதான் திருப்பிக் கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலமே அந்தக் கட்டளை வந்தது. தெற்குப் படையின் அலபாமா பிரிகேட் (பல ரெஜிமென்டுகள் சேர்ந்த படை) ஒன்று, வடக்குப் படையின் அணியில் விழுந்திருந்த இடைவெளியை நோக்கி வந்துகொண்டிருந்தது. அடைக்க ஆள் வர ஐந்து நிமிடமாவது வேண்டும். வடக்குப் படையின் ஜெனரல் ஹான்காக் கண்ணில் பட்டது இந்த ரெஜிமென்ட் மட்டுமே. எதிரியின் கொடியைக் காட்டி, அதைப் பிடி என்றார். 262 பேர் சரிவில் இறங்கி ஓடினார்கள். அங்கே நிற்கும் நினைவுத்தூணின் கணக்குப்படி 215 பேர் செத்தோ காயப்பட்டோ விழுந்தார்கள், 47 பேர் மிஞ்சினார்கள், ஒருவர்கூடக் காணாமல் போகவில்லை. கால்வில்லுக்குத் தோளில் ஒரு குண்டு, பாதத்தில் ஒரு குண்டு. அவருக்கு அடுத்த இரண்டு அதிகாரிகளும் விழுந்தார்கள். அணியின் இடைவெளி அடைக்கப்பட்டது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஊர்க்காரரை நம்பி ஊர்ப் பையன்கள் ஓடினார்கள் என்று முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் ரெட் விங்கின் 'எஃப்' கம்பெனி அந்த ஓட்டத்தில் இல்லை. அதை வேறு பக்கம் அனுப்பியிருந்தார்கள். அவருக்குப் பின்னால் ஓடியவர்கள் வினோனா, ஸ்டில்வாட்டர், ஃபாரிபால்ட், செயின்ட் பால் என்று வேறு ஊர்க்காரர்கள். அவர்களுக்கு அவர் சொந்த ஊர்த் தலைவர் இல்லை. மூன்று நாளுக்கு முன் தங்கள் பாதத்துக்காகக் கைதானவர். அதனால்தான் போனார்கள் என்று நான் நம்புகிறேன்.

அப்புறம் அரசியலுக்கே திரும்பினார். சட்டசபை உறுப்பினர், 1866 முதல் 1868 வரை மாநில அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமை வக்கீல்), பிறகு டுலூத்தில் நில அலுவலகப் பதிவாளர். அதற்கு மேல் பெரிய பதவி எதுவும் இல்லை. மின்னசோட்டாவின் கேனன் ஃபால்ஸ் ஊர்க் கல்லறையில் அவர் சிலையை 1928-இல் அதிபர் கூலிட்ஜே வந்து திறந்துவைத்தார்.

1905 ஜூனில், மின்னசோட்டாவின் பழைய சட்டசபைக் கட்டடத்திலிருந்து புதிய கட்டடத்துக்கு ரெஜிமென்ட் கொடிகளைக் கொண்டுபோகும் ஊர்வலம். அதற்காக வந்து, மினியாபோலிஸ் ராணுவ வீரர் இல்லத்தில் தங்கியிருந்தார் கால்வில். ஊர்வலத்துக்கு முன்பே தூக்கத்தில் உயிர் போய்விட்டது. புதிய கட்டடத்தின் நடுமண்டபத்தில் அவர் உடலை வைத்தார்கள்.