எந்த ரத்தசோகை? சிவப்பணுவைப் பார்த்தால் தெரியும்

பாளையங்கோட்டையில் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி, வந்த கேள்விகளுக்குச் சொன்ன பதில்கள்.

முக்கூடலிலிருந்து: அண்ணாச்சி, அம்மா பீடி சுத்துறாங்க. ஹீமோகுளோபின் 8.2, எம்.சி.வி. 68ன்னு ரிப்போர்ட்ல இருக்கு. அப்படின்னா என்ன?

எம்.சி.வி. என்பது சிவப்பணுவின் சராசரிப் பருமன். பெரியவர்களுக்கு 80 முதல் 100 வரை இருக்க வேண்டும். அம்மாவுக்கு அணு சிறுத்திருக்கிறது. பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவுதான். ஸ்லைடில் அணுவின் நடு வெளுத்து, ஓரம் மட்டும் வளையல் போலச் சிவந்து நிற்கும். ஃபெரிட்டின், அதாவது உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை பார்த்து உறுதி செய்யுங்கள். இரும்பு எங்கே போகிறது என்றும் தேட வேண்டும்: அதிக உதிரப்போக்கா, மூலமா, கொக்கிப்புழுவா? மாத்திரையை டீயோடு கொடுக்காதீர்கள். ஹீமோகுளோபின் ஏறியதும் நிறுத்தவும் கூடாது. உடம்பில் இருப்பு நிரம்ப மேலும் மூன்று மாதமாவது ஆகும்.

கடையநல்லூரிலிருந்து: எனக்கு ஹீமோகுளோபின் 11, எம்.சி.வி. 62, சிவப்பணு 57 லட்சம். ஒரு வருஷமா இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ஏறல. வீட்டில் கல்யாணம் பேசுறாங்க.

தங்கச்சி, மாத்திரையைக் கூட்டும் முன் இதைப் படியுங்கள். இரும்பு குறைந்தால் அணுவின் எண்ணிக்கையும் பொதுவாகக் குறையும். உங்களுக்கு அணு சிறிது, எண்ணிக்கையோ அதிகம். 57 லட்சம் என்பது 5.7 மில்லியன். எம்.சி.வி. 62ஐ அந்த 5.7ஆல் வகுத்தால் 11கூட வரவில்லை. 13க்குக் கீழே வந்தால் தலசீமியா கடத்தி என்று சந்தேகிக்க வேண்டும். தலசீமியா என்பது ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரைக் கோளாறு, அதன் மரபணுவை ஒன்று மட்டும் சுமப்பவர் கடத்தி. இது தடயம் மட்டுமே. ஃபெரிட்டினும், ஹீமோகுளோபின் ஏ2 அளவு காட்டும் ஹெச்.பி.எல்.சி. பரிசோதனையும் எடுங்கள், ஏ2 3.5 சதவீதத்துக்கு மேல் போனால் அநேகமாக அதுதான். கடத்தியாக இருப்பது நோயல்ல, கல்யாணத்துக்குத் தடையுமல்ல. ஆனால் மாப்பிள்ளைக்கும் பார்த்துவிடுங்கள், அத்தை மகன், மாமன் மகன் என்றால் கட்டாயம். இருவருமே கடத்திகள் என்றால், ஒவ்வொரு பிள்ளைக்கும் கடுமையான தலசீமியா வர நாலில் ஒரு வாய்ப்பு உண்டு.

வள்ளியூரிலிருந்து: அப்பா சைவம், பல வருஷமா சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுறாங்க. எம்.சி.வி. 112. கால் மதமதப்பு. மருந்துக்கடையில் ஃபோலிக் ஆசிட் கொடுத்தாங்க.

அதை மட்டும் கொடுக்காதீர்கள். பெருத்த அணுவுக்கு பி12 குறைவும் காரணமாகலாம், ஃபோலிக் குறைவும் காரணமாகலாம். அப்பாவின் சாப்பாடு, மெட்ஃபார்மின், மதமதப்பு மூன்றும் பி12 பக்கம் கைகாட்டுகின்றன. ஃபோலிக் மட்டும் போனால் ரத்தம் தேறியதாகத் தெரியும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும். இந்த வாரமே பி12 பார்த்து டாக்டரிடம் காட்டுங்கள். தைராய்டு, ஈரல், குடிப்பழக்கம் இவற்றாலும் அணு பெரிதாகும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: எம்.சி.வி. 90 இருந்தும் ரத்தசோகையாமே?

இருக்கும். சிறுநீரகக் கோளாறிலும், திடீர் ரத்த இழப்பிலும் அணு அளவு மாறாமலே ரத்தம் குறையும். இன்னொன்று, இரும்பும் பி12ம் சேர்ந்து குறைந்தால் சிறிதும் பெரிதும் கலந்து சராசரி 90 என்று வந்துவிடும். அப்போது அணுக்களின் அளவு எவ்வளவு வேறுபடுகிறது என்று காட்டும் ஆர்.டி.டபிள்யூ. ஏறியிருக்கும். மெஷின் எண்ணோடு விடாமல் பெரிஃபெரல் ஸ்மியர், அதாவது ரத்தத்தை ஸ்லைடில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் பரிசோதனை கேளுங்கள். சராசரி மறைப்பதைக் கண் பிடித்துவிடும்.

தென்காசியிலிருந்து: கருப்பட்டிக் காப்பி குடித்தால் போதுமா?

போதாது. கருப்பட்டியில் இரும்பு கொஞ்சம்தான், அதையும் காப்பி உடம்பில் சரியாகச் சேரவிடாது.